பழைய ஜீப்புக்குப் புதுப் பட்டை

ஏற்காட்டு மளிகை வியாபாரிகள் சிலர், பழைய மஹிந்திரா ஜீப்பை உயர்த்த, வளைவு கூடிய கமான் பட்டைகளை விசாரித்து வருகிறார்கள். தோட்டச் சாலைக் கல்லில் அடி தட்டாது என்பது வாஸ்தவமே. ஆனால் சேலத்திலிருந்து அரிசி மூட்டையோடு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளை மறக்கலாமா? வண்டி உயர்ந்தால் பாரமும் உயரத்தில் நிற்கும். திருப்பத்தில் சாய்வு அதிகமாகும். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறி, யுனிவர்சல் ஜாயின்ட் சீக்கிரம் தேயும்.

பட்டையைக் கூட்டினால் கூடுதல் மூட்டை ஏற்றலாம் என்பதை நாம் ஏற்பதற்கில்லை. பிரேக்கும் அச்சும் பழையவைதானே! ஆர்.சி. புத்தகத்து எடையும் மாறாது. தொய்ந்த பட்டைகளை இருபுறமும் ஜோடியாக மாற்றி, கம்பெனி உயரத்திலேயே நிறுத்துவது உத்தமம் என்பது நம் கருத்து. யு-போல்ட்டும் புதிதாகப் போட்டு, சில நாள் ஓடியபின் மறுபடி முறுக்கச் சொல்லுங்கள்.