வாத்து வேட்டைக்கு வந்த அழைப்பு

எங்கள் தெருவில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் தம்பி ஒருவர் போன மாதம் ஒருநாள் சாயங்காலம் கைப்பேசியோடு வந்தார். "ஏனுங்க சார், உங்களுக்குத்தான் பிரெஞ்சு தெரியுமே, இது என்னன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றார். நான் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க ஃபைல்களோடு மல்லுக்கட்டினேன். ஓய்வுக்குப் பின் மகன் வேலை பார்க்கும் ஊர் என்பதால் அருள்புரம் வந்து சேர்ந்தேன். இங்கே என் பிரெஞ்சுக்கு வேலை வருவது பையர் கடிதம் வரும்போதுதான். வழக்கமாக அதில் சாயம் வெளுத்த சங்கதியோ தையல் பிசகிய சங்கதியோ இருக்கும். இந்தத் தடவை வந்தது விருந்தழைப்பு.

பையர் தன் நண்பர்கள் நாலைந்து பேரோடு மூன்று நாள் வாத்து வேட்டைக்குப் போகிறாராம். இடம் பிரான்சின் வடக்கே சோம் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம். கூடவே வழிகாட்டி, தங்க இடம், சாப்பாடு. "நீங்களும் வர வேண்டும், உங்கள் நண்பர் ஒருவரையும் அழைத்து வரலாம்" என்று எழுதியிருந்தார். துப்பாக்கி பிடிக்க வேண்டியதில்லை. அந்த நாட்டில் வேட்டை உரிமம் வேண்டுமென்றால் பரீட்சை எழுதித் தேற வேண்டும். அதனால் நம் தம்பி பார்வையாளர்தான்.

எனக்கு அந்த வேட்டையைப் பற்றிப் புத்தக அறிவு உண்டு. பள்ளியில் அல்ஃபோன்ஸ் தோதே எழுதிய 'என் காற்றாலையிலிருந்து கடிதங்கள்' பாடமாக இருந்தது. அதில் தெற்கே காமார்க் சதுப்பில் நாணலுக்குள் பதுங்கி வாத்துக்காகக் காத்திருக்கும் பகுதி ஒன்று வரும். வடக்கே சோமில் முறை வேறு. பாதி மண்ணுக்குள் புதைந்த ஒரு குடிசை, கூரையில் புல். முன்னால் ஒரு குட்டை. அதில் பழக்கிய வாத்துகளைக் கயிற்றில் கட்டி மிதக்க விடுவார்கள். இவை கத்தும் சத்தத்துக்கு வானத்தில் போகும் காட்டு வாத்துகள் இறங்கும். ராத்திரி முழுக்க விழித்திருந்து, நிலா வெளிச்சத்தில் சுடுவார்கள். எந்தக் குரல் எந்த வாத்து என்று பிரித்துச் சொல்வது வழிகாட்டியின் வித்தை.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கே மனசு ஆறாது. பக்கத்து அமியான் நகரம் வாத்துப் பாதேக்குப் பேர் போனது. வாத்துக் கறியை மாவு உறைக்குள் வைத்து அடுப்பில் சுடுவது. கடல் நீர் ஏறி இறங்கும் உப்புப் புல்வெளியில் மேய்ந்த செம்மறிக் கறி அந்த முகத்துவாரத்தின் இன்னொரு விசேஷம். இதையெல்லாம் படித்துச் சொல்லச் சொல்ல, தம்பிக்குப் பாதி புரிந்தது, எனக்கு முழுசாக நாக்கு ஊறியது. (பிரெஞ்சில் வாத்துக்குக் 'கனார்' என்று பெயர். பொய்ச் செய்திக்கும் அதே பெயர், செய்தித்தாளுக்கும் அதே பெயர். மூன்றையும் ஏன் ஒன்றாக்கினார்கள் என்று எங்கள் வாத்தியாரும் சொல்லவில்லை.)

தம்பிக்கு ஒரே குழப்பம். போகாவிட்டால் பையர் வருத்தப்படுவார். போனால் வீட்டில் அம்மா "அது பாவமல்லவா கண்ணு" என்கிறார். மறுநாள் நடைப்பயிற்சியில் விஷயத்தை எடுத்துப் போட்டேன். இரண்டு கட்சி ஆகிவிட்டது. ஆயிரம் மைல் பறந்து வரும் ஜீவனைச் சுடுவது மகாபாவம் என்று ஒரு கட்சி. இன்னொரு கட்சியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "நாம இருக்கிறது பல்லடத்துப் பக்கம். நாட்டுக்கே கறிக்கோழி விலை சொல்ற ஊரு. நாப்பது நாள்ல வளர்த்து லாரியில ஏத்தற கோழியத் தின்னுட்டு, வாத்துக்காரனப் பாவின்னு சொல்றதுக்கு நமக்கு வாய் இருக்குதுங்களா?"

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. காட்டு வாத்து சாகும் நிமிஷம் வரை தன் இஷ்டத்துக்குப் பறந்து மேய்ந்து வாழ்கிறது. கோழிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நான் அசைவக்காரன். புதுவையில் வாத்து விந்தாலு சாப்பிட்டு வளர்ந்தவன். ஆகவே கறி தின்பதைப் பற்றி உபதேசம் செய்ய எனக்குத் தகுதியில்லை. இருந்தாலும் விளையாட்டுக்காகச் சுடுவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. அதற்குக் காரணம் பரத்பூர்.

ராஜஸ்தானத்தில் பரத்பூர் மகாராஜா வாத்து வேட்டைக்கென்றே வைத்திருந்த சதுப்பு அது. 1938 நவம்பர் 12-ஆம் தேதி வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவின் கூட்டம் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தியது. அந்தக் கணக்கைக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள், இன்றும் அங்கே போகிறவர்கள் படிக்கலாம். நானும் குமாஸ்தாதான், கணக்கு எழுதுவதில் எனக்குப் பிரியம் உண்டு. ஆனால் 4,273 என்று கல்லில் வெட்டிய அந்தக் குமாஸ்தாத்தனம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அத்தனை பறவையை எந்தப் பந்தியும் தின்று தீர்த்திருக்க முடியாது.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. சுடாமல் இருப்பதாலேயே நாம் வாத்துக்கு நல்லது செய்துவிட்டதாக ஓர் எண்ணம் நம்மிடம் இருக்கிறது. நடைப்பயிற்சியில் பாவம் பாவம் என்றவர்களிடமும் அதைத்தான் பார்த்தேன். அது பாதி உண்மை.

சட்டப்படி பார்த்தால் நாம் கெட்டிதான். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முதலில் உரிமம் வாங்கிச் சுடுவதற்கு அதில் இடம் இருந்தது. 1991 திருத்தத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள். இன்று ஒரு காட்டு வாத்தைச் சுட்டால் மூன்று வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். துப்பாக்கி ஓய்ந்தது. ஆனால் வாத்து எங்கே இறங்கும்? அதற்குத் தண்ணீர் வேண்டும், தண்ணீரில் பாசியும் பூச்சியும் வேண்டும். நொய்யலில் என்ன ஓடியது என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1992-ல் பாசனத்துக்கென்று திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவுத் தொட்டியாகிப் போனது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் வரை ஊர் அசையவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த ஆற்றங்கரையில் ஒருவரும் வாத்தின் மேல் ஒரு தோட்டா செலவழிக்கவில்லை.

நமக்கு ஒரு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது, செங்கல்பட்டுப் பக்கத்து வேடந்தாங்கல். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களுக்கு எழுத்து மூலம் பாதுகாப்பு கொடுத்தார். அந்தக் கிராமத்துக்காரர்களுக்கு இரக்கமும் இருந்திருக்கும், கூடவே ஒரு கணக்கும் இருந்தது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். பறவை வந்தால் நெல் விளையும். பறவையால் தனக்கு ஆக வேண்டியது இருந்ததால்தான் அவர்கள் அதை வருஷா வருஷம் காத்தார்கள்.

இப்போது அமெரிக்கா பக்கம் வாருங்கள். அங்கே வாத்து வேட்டை அனுமதி உண்டு. ஆனால் 16 வயது ஆன வேட்டைக்காரர் ஒவ்வொருவரும் வருஷா வருஷம் ஒரு முத்திரை வாங்க வேண்டும். 1934-ல் ஆரம்பித்தார்கள். டிங் டார்லிங் என்ற கார்ட்டூன்காரர் முதல் முத்திரைக்குப் படம் வரைந்தார். அப்போது விலை ஒரு டாலர், இப்போது 25 டாலர். அந்தப் பணத்தில் டாலருக்கு 98 சென்ட் சதுப்பு நிலம் வாங்கவும் காக்கவும் போகிறது. இதுவரை 100 கோடி டாலருக்கு மேல் திரண்டு, 60 லட்சம் ஏக்கருக்கு மேல் வாத்துகளுக்காகக் காப்பாற்றப்பட்டிருக்கிறது. ஈயக் குண்டுகள் தண்ணீருக்கு அடியில் தங்கி, வாத்துகள் அவற்றைக் கல்லென்று விழுங்கி விஷமேறிச் சாகின்றன என்று தெரிந்ததும், 1991-ல் நாடு முழுக்க வாத்து வேட்டையில் ஈயத்தைத் தடை செய்தார்கள். பிரான்சில் சதுப்பு நிலங்களில் 2006 முதல் அதே தடை. தம்பிக்கு அழைப்பு வந்த அந்த முகத்துவாரத்திலேயே ஒரு பக்கம் வேட்டைக் குடிசை, இன்னொரு பக்கம் மார்க்காந்தேர் பறவைப் பூங்கா. அது 1973 முதல் இருக்கிறது.

சுடுகிறவன் சதுப்புக்குக் காசு கட்டுகிறான். சுடாத நாம் என்ன கட்டுகிறோம்? எனக்குச் சங்கடமான கேள்வி இது. வேட்டையை இங்கே திரும்பக் கொண்டு வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது வேண்டவே வேண்டாம். அவர்களுடைய துப்பாக்கியை விட்டுவிட்டு முத்திரையை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாமே என்பதுதான் என் யோசனை.

யாருக்காக என்றால், நமக்குக் கையெட்டும் தூரத்தில் நஞ்சராயன் குளம் இருக்கிறது. அருள்புரத்திலிருந்து திருப்பூர் போய், ஊத்துக்குளி சாலையில் பஸ் மாறினால் சர்க்கார் பெரியபாளையம். முன்னூறு ஏக்கருக்கும் மேலான குளம். 2022-ல் தமிழ்நாட்டின் 17-ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. கார்த்திகை பிறந்தால் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, ஆண்டி வாத்து எல்லாம் வடக்கேயிருந்து வரும். சோம் முகத்துவாரத்தில் இறங்குவதும் இதே இனங்கள்தான், பாதை மட்டும் வேறு. அவை ஐரோப்பாவின் மேற்குக் கரையோரம் இறங்குகின்றன. இவை மத்திய ஆசியா வழியாக மலை தாண்டி நம்மிடம் வருகின்றன. என் போன்றவர்களுக்கு விடியற்காலையில் பிளாஸ்க்கில் காப்பியோடு கரையில் உட்கார்ந்தால் போதும், வழிகாட்டியே வேண்டாம்.

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிறவர்கள் எத்தனை பேர்! பையரோடு வெளிநாட்டு விருந்துக்கு ஒருமுறை போய்வரும் விமானச் செலவு எனக்குத் தெரியும், டிக்கெட்டை மகனிடம் பார்த்தேன். அதில் நூற்றில் ஒரு பங்கை வருஷத்துக்கு ஒரு முறை 'நஞ்சராயன் முத்திரை' என்று வாங்கினால் போதும். எங்களைப் போன்ற ஓய்வூதியக்காரர்களுக்கு நூறு ரூபாய் முத்திரை, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பத்து ரூபாய். வேட்டை முத்திரையைப் போல இதுவும் ஒரு வருஷம்தான் செல்லும். அடுத்த வருஷம் மறுபடி வாங்க வேண்டும். ஒரே தடவை நன்கொடை கொடுத்துப் பெயர்ப்பலகை மாட்டிவிட்டு மறந்துபோகும் பழக்கத்துக்கு அது நல்ல மருந்து.

இங்கே என் உத்தியோக அனுபவத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். பணத்தை வழக்கமான செலான் வழியாகக் கட்டினால் அது மாநிலத்தின் தொகுப்பு நிதியில் போய்க் கலந்துவிடும். பிறகு அதைக் குளத்துக்குத் திருப்பிக் கொண்டுவர ஒரு ஃபைல் வேண்டும். அந்த ஃபைல் பட்ஜெட் ஒதுக்கீட்டுக்குக் காத்திருக்க வேண்டும். நான் அப்படிப்பட்ட ஃபைல்களைக் கட்டி வைத்தவன், அவற்றின் நடை வேகம் எனக்குத் தெரியும். அமெரிக்காக்காரர்கள் முத்திரைப் பணத்துக்கென்றே தனி நிதி வைத்திருக்கிறார்கள். அது பொதுக் கணக்கில் கரைந்திருந்தால் இத்தனை வருஷத்தில் ஒரு ஏக்கர்கூட மிஞ்சியிருக்காது. ஆகவே இங்கேயும் தனிக் கணக்கு, தனி ரசீதுப் புத்தகம், வருஷக் கடைசியில் குளக்கரையிலேயே ஒரு பலகையில் வரவு செலவு. கருவேல முள் எடுக்க இவ்வளவு, வரத்து வாய்க்கால் தூர் வார இவ்வளவு, தண்ணீர் பரிசோதனைக்கு இவ்வளவு என்று ஊர் பார்க்க எழுதினால் கேட்கிறவர்கள் கேட்பார்கள். பரத்பூர் கல்லுக்குப் பதிலாக இந்தக் கணக்கு இருக்கட்டும்.

தம்பிக்கு நான் சொன்ன பதில், போய் வாருங்கள் என்பதுதான். பையர் உறவு முக்கியம், பாதேயும் முக்கியம். அம்மாவிடம் நீங்கள் துப்பாக்கியைத் தொடப் போவதில்லை என்று சொல்லிவிடுங்கள் என்றேன். கூடவே பையரிடம் கேட்டு வரச் சொல்லி ஒரு தாளில் பிரெஞ்சில் நாலு கேள்வி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தக் குட்டையைப் பராமரிக்க வருஷம் எவ்வளவு ஆகிறது, யார் கட்டுகிறார்கள், வேட்டைக்காரர்கள் கொடுக்கும் பணம் யார் கணக்கில் சேருகிறது, ரசீது உண்டா. "இதையெல்லாமா சார் விருந்துல கேக்கறது?" என்றார். கேட்டால் பையர் சந்தோஷப்படுவார், சொந்தக் குட்டையைப் பற்றிக் கேட்டால் எந்த வேட்டைக்காரனும் விடிய விடியப் பேசுவான் என்றேன்.

முத்திரைக்குப் படம் வேண்டுமே. அமெரிக்காவில் வருஷந்தோறும் ஓவியப் போட்டி வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். இங்கே சர்க்கார் பெரியபாளையத்துப் பள்ளிப் பிள்ளைகளையே வரையச் சொல்லலாம். முதல் வருஷத்துக்கு என் ஓட்டு ஆண்டி வாத்துக்கு. ஊசிவாலைப் போல அழகில்லைதான். ஆனால் அகப்பை மாதிரி அகன்ற அந்த மூக்கை இரண்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் சரியாக வரைந்துவிடும்.