நோபல் ஒப்பாரியை நிறுத்துவோம்

அக்டோபர் வந்தால் போதும், வாட்ஸப்பில் ஜி.என். ராமச்சந்திரன் வந்துவிடுவார். "சிடி ஸ்கேனைக் கண்டுபிடித்தவர், நோபல் மறுக்கப்பட்ட மேதை" என்று ஒரு கறுப்புவெள்ளைப் படத்தோடு. எனக்கு இந்த ஒப்பாரியைக் கண்டாலே எரிச்சல்.

முதலில், அது உண்மையில்லை. 1979இல் நோபல் வாங்கிய கார்மக் தன் கணக்கை 1963இலேயே வெளியிட்டுவிட்டார். ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி 1971இல் முதல் நோயாளியைப் படம் எடுத்தது. ராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும் அதே 1971இல் செய்தது வேறு. பல கோணங்களில் எடுத்த எக்ஸ்ரே நிழல்களை அப்படியே திருப்பிப் பரப்பினால் படம் மங்கும். ஒவ்வொரு நிழலையும் முதலில் ஒரு வடிகட்டியில் செலுத்திவிட்டுப் பரப்பினால் தெளியும், கணக்கும் சுருங்கும் என்று காட்டினார்கள். அந்த வடிகட்டிக்கு இன்றும் ராம்-லாக் என்றுதான் பெயர். அதிலும் அவர்கள் முதல் ஆளில்லை. பிரேஸ்வெல்லும் ரிடிலும் 1967இல் கிட்டத்தட்ட இதே வழியைச் சொல்லியிருந்தார்கள், ரேடியோ வானியலுக்காக.

வானத்தைப் படமெடுக்கப் போட்ட கணக்குதான் மண்டைக்குள் கட்டி இருக்கிறதா என்று பார்க்கவும் உதவுகிறது. போன வருஷம் அப்பாவை ஸ்கேனுக்காக வடகவுஞ்சியிலிருந்து மலையிறக்கிக் கூட்டிப்போனபோது இதைத்தான் நினைத்துக்கொண்டேன். எங்கள் மலைமேல், கொடைக்கானலில், நூறு வருஷத்துக்கு மேலாகச் சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கும் கூடம் ஒன்று இருக்கிறது. அதற்கும் அப்பாவின் தலைக்கும் சம்பந்தம் உண்டு என்று எந்த வகுப்பிலும் எனக்கு யாரும் சொன்னதில்லை.

ஒப்பாரி வைப்பவர்கள் சொல்லாத கதை ஒன்று உண்டு. 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்கு வந்தபோது ராமச்சந்திரனுக்கு வயது முப்பது. பக்கத்துத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கொலாஜன் மாதிரி வாங்கி எக்ஸ்ரே படம் எடுத்தார். நம் தோலையும் எலும்பையும் தாங்கும் அந்தப் புரதம் மூன்று இழை முறுக்கு என்று கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து சொன்னார். அணுக்கள் இவ்வளவு நெருங்கி உட்கார முடியாது என்று ரிச்சும் கிரிக்கும் குறை சொன்னார்கள். வெள்ளைக்காரன் சதி என்று அவர் புலம்பவில்லை. எவ்வளவுதான் நெருங்க முடியும் என்று தெரிந்த படிகங்களையெல்லாம் எடுத்து அளக்க ஆரம்பித்தார். அதிலிருந்துதான் 1963இல் ராமகிருஷ்ணன், சசிசேகரனோடு அந்த வரைபடம் வந்தது. இரண்டே கோணங்கள், எந்தெந்த மடிப்பில் அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்ற எளிய கேள்வி. இன்றும் ஒரு புரத அமைப்பு சரியா என்று பார்க்க உலகம் முழுக்க ராமச்சந்திரன் வரைபடத்தைத்தான் போடுகிறார்கள்.

இப்போது என் அக்கா மகள் பத்தாவது முடித்திருக்கிறாள். கணக்கு பிடிக்கும், உடம்பு எப்படி வேலை செய்கிறது என்பதும் பிடிக்கும். "டாக்டர் ஆகணும்னா மேத்ஸ் எதுக்கும்மா? ப்யூர் சயின்ஸ் போ" என்று சொல்லிவிட்டார்கள். சொன்னவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மலையிலிருந்து ஒரு பிள்ளை டாக்டராவது சின்ன விஷயமில்லை, கணக்குப் பாடம் கூடுதல் சுமைதான். பயோ-மேத்ஸ் என்று ஒரு குரூப்பும் இருக்கிறது, தெரியும். ஆனால் அதை எடுப்பவர்களில் பலருக்கு அது இரண்டு கதவையும் திறந்து வைக்கும் தந்திரம். பிறகு ஒன்றைச் சாத்திவிடுவார்கள். நீட்டின் 180 கேள்விகளில் 45 இயற்பியல்தான். அதுவும் தாண்டவேண்டிய வேலியாகத்தான் படிக்கப்படுகிறது, உயிரைப் புரிந்துகொள்ளும் கருவியாக இல்லை.

பதினைந்து வயதில் பிள்ளைகளை இப்படிப் பிரித்துவிட்டு, பிரிவினையை மதிக்காத ஒருவருக்குப் பரிசு கிடைக்கவில்லையே என்று அழுகிறோம். பரிசை ஸ்டாக்ஹோமில் தரவில்லை, சரி. கிண்டியில் அவர் போட்ட பாதையை மூடியது யார்?

இந்த அக்டோபரில் அந்த மெசேஜ் வந்தால் ஃபார்வர்ட் செய்யாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம், எலும்பு ஏன் உடையாமல் தாங்குகிறது என்று கேட்டுப் பாருங்கள். அது பயாலஜியா ஃபிசிக்ஸா என்று அவள் திருப்பிக் கேட்டால், ரெண்டும்தான் என்று சொல்லுங்கள்.