முந்தின ஐயரோடு புதிய ஐயரை நிறுத்துப் பார்க்காதீர்கள்

திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டக் கிராமச் சேகரங்களின் சபையாருக்கு, இங்கே ஊழியம் செய்யும் குருமாரும் சபை ஊழியரும் அன்போடு எழுதும் வேண்டுகோள்.

இடமாற்றப் பட்டியல் வந்ததும் நம் ஊர்களில் ஒரு பேச்சு கிளம்பிவிடும். "முந்தின ஐயர் இருந்தப்ப கோபுரம் எழும்பிச்சு. இவர் வந்து என்ன செஞ்சார்?" புதியவர் சாமான்களை இறக்கி முடிப்பதற்குள் அது அவர் காதுக்கும் போய்விடுகிறது. சேகரக் கமிட்டியில் ஜெபம் முடிந்து நோட்டைத் திறந்தால், பக்கத்துச் சேகரத்து அறுப்பின் பண்டிகை வரவுதான் முதல் பேச்சு. இப்போது செல்போனும் சேர்ந்துகொண்டது. எந்தச் சபையின் ஆராதனையை எத்தனை பேர் நேரலையில் பார்த்தார்கள் என்பது ஞாயிறு மதியத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடுகிறது.

இதை விட்டுவிடுங்கள் என்று கேட்கிறோம்.

சவுல் ராஜா பொறாமையால் கெட்டான் என்று பிரசங்கிக்கிறோம். அந்தப் பொறாமை முளைத்த இடத்தையும் பாருங்கள். வெற்றியோடு திரும்பிய படையைப் பெண்கள் தெருவில் பாடி வரவேற்றார்கள். சவுலை அவர்கள் பழிக்கவில்லை, அவனையும் புகழ்ந்தார்கள். ஆனால் அவனுக்கு ஆயிரம், தாவீதுக்குப் பதினாயிரம் என்று கணக்கிட்டுப் புகழ்ந்தார்கள். அதற்குப் பிறகு சவுலால் தாவீதை நேராகப் பார்க்க முடியவில்லை. சவுலின் பாவம் சவுலுடையதுதான். அந்தப் பாட்டை நாம் பாட வேண்டாம் என்பதே எங்கள் மன்றாட்டு.

ஓயாமல் ஒப்பிடப்படுகிற ஊழியர் கண்ணுக்குத் தெரியும் வேலையின் பக்கம் சாய்ந்துவிடுவார். படுக்கையில் கிடக்கும் ஒரு பாட்டிக்கு வீட்டில் திருவிருந்து கொடுக்கப் போகிறார் ஒரு குருவானவர். அப்பத்தைப் பிட்டு, திராட்சரசத்தில் நனைத்து நாக்கில் வைக்கிறார். அந்த அம்மா விழுங்கும்வரை பிடரியைத் தாங்கியபடி காத்திருக்கிறார். பிறகு, வெளிநாட்டில் இருக்கும் மகனைப் பற்றி அந்த அம்மா சொல்வதையெல்லாம் கேட்கிறார். ஒரு மணி நேரம் போய்விடுகிறது. ஆண்டறிக்கையில் இதற்கு ஒரு வரி கிடையாது. மதிலுக்கு வெள்ளையடித்தால் உண்டு.

நம் திருமண்டலங்களின் வரலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். 1877-இல் கல்கத்தாவில் ஒரே நாளில் கால்டுவெல்லும் சார்ஜென்ட்டும் ஆயர்களாக அபிஷேகம் பெற்றார்கள். எஸ்.பி.ஜி. மிஷன் சபைகளுக்குக் கால்டுவெல், சி.எம்.எஸ். மிஷன் சபைகளுக்கு சார்ஜென்ட். பணி இருவருக்கும் இதே திருநெல்வேலியில்தான். ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லுக்கு மெரினாவில் சிலை இருக்கிறது. பாளையங்கோட்டையில் உபதேசியார்களைப் பயிற்றுவித்த சார்ஜென்ட்டின் பெயர் நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. அவரிடம் படித்துக் கிராமங்களுக்குப் போனவர்களின் உழைப்பை எந்தப் படியால் அளப்பது?

பிறரைப் பார்த்துக் கற்றுக்கொள்வது வேறு. வெள்ளாளன்விளை குருவானவரின் மகன் அசரியா 1902-இல் யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவ இளைஞர்கள் தங்கள் சொந்தக் காணிக்கையில் மிஷனெரி ஊழியத்தைத் தாங்குவதைக் கண்டார். நாமும் ஏன் செய்யக்கூடாது என்ற கேள்வியோடு திரும்பினார். மறு ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. 1909-இல் தாம் வகித்துவந்த ஒய்.எம்.சி.ஏ. பொறுப்பை விட்டுவிட்டு அவரே தோர்ணக்கலுக்கு மிஷனெரியாகப் போனார். யாழ்ப்பாணத்தாரைக் காட்டி அவர் தம் ஊராரை மட்டம் தட்டவில்லை.

உடன் ஊழியருக்கும் ஒரு வார்த்தை. கடற்கரையில் பேதுரு தமக்குக் கிடைத்த கட்டளையைக் கேட்ட கையோடு, பின்னால் வந்த சீஷனுக்கு என்ன ஆகும் என்று விசாரித்தார். ஆண்டவர் அதற்கு நேர் விடை சொல்லாமல், அதனால் உனக்கென்ன என்று கேட்டு, தம்மைப் பின்பற்றும்படி சொன்னார். பக்கத்துச் சேகரத்தின் கூட்டத்தை எண்ணத் தோன்றும்போது நாம் இதை நினைத்துக்கொள்வோம்.

எங்களைக் கேள்வி கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை. கணக்கில் பிசகு இருந்தால் கேளுங்கள். ஆயத்தமில்லாமல் பிரசங்க பீடம் ஏறினால், வீட்டுக்கு வந்து நேரே சொல்லுங்கள். ஆனால் எங்கள் வேலையை எங்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலையோடு வைத்துப் பாருங்கள். அடுத்த சேகரக் கமிட்டியில் பக்கத்துச் சேகரத்து வரவை வாசிக்க வேண்டாம். அதற்குப் பதிலாக, அந்தச் சேகரத்துக் குருவானவரின் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். எங்கள் ஆலயங்களில் பொது ஜெபத்தின்போது நாங்களும் அப்படியே செய்வோம்.

இப்படிக்கு,
கிராமச் சேகரங்களின் குருமாரும் சபை ஊழியரும்