ஓரம் யாருக்குச் சொந்தம்?

காலை எட்டரை மணிக்குக் கங்கைகொண்டானில் நின்று பாருங்கள். காஷ்மீரையும் குமரியையும் இணைக்கும் 44-ஆம் எண் நெடுஞ்சாலை இரைந்துகொண்டிருக்கும். சிப்காட் லாரி, நெல்லை பஸ்... இவற்றுக்கு ஒதுங்கி, அரசு தந்த இலவச சைக்கிளில் பிளஸ் ஒன் பிள்ளைகள் ஓரமாகப் போவார்கள். அவர்களுக்குப் பின்னால் சத்தமே இல்லாமல் ஒரு மின்வண்டி! "ஏலே, ஓரமாப் போலே!" என்று அதட்டல் வேறு. ஓரத்திலே போகிறவன் இன்னும் எந்த ஓரத்துக்குப் போவான்?

"பேட்டரி வண்டி ஓரத்துக்கே வரப்படாது" என்பார் சிலர். அதுவும் நியாயமில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டார், 25 கி.மீ.க்குக் குறைந்த வேகம், பேட்டரி நீங்கலாக 60 கிலோவுக்கு மேற்படாத எடை இருந்தால் அது மோட்டார் வாகனமே அல்ல. அதை லாரிகளுக்கு நடுவே தள்ளுவது பாவம்!

நாம் டிப்ளமோ படிப்பவர்கள். கணக்குப் போட்டே பேசுவோம். சைக்கிளும் ஆளுமாக 75 கிலோ, வேகம் 15 கி.மீ. என்று வையுங்கள். மின்சைக்கிள் 85 கிலோ, 25 கி.மீ. என்றால் இயக்க ஆற்றல் மூன்று மடங்கு. 160 கிலோவில் 40 கி.மீ. வேகத்தில் வரும் மின் ஸ்கூட்டருக்கோ பதினைந்து மடங்கு! இடிப்பது பேட்டரி அல்ல, வேகமும் எடையும்தான்.

சைக்கிள் நாடான நெதர்லாந்திலும் இதே கதைதான். 45 கி.மீ. வரை ஓடும் மின்சைக்கிள்களை 2017 முதல் மொபெட் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். 25 கி.மீ. வரை ஓடுபவை மட்டும் சைக்கிள் பாதையில் தொடர்கின்றன. கோடு போட்டது வேகத்தை வைத்து!

நாமும் அப்படியே கோடு போடலாமே. வேகமாகப் போகிறவர் ஓரத்தை விட்டு வண்டிப் பாதைக்கு வரட்டும். மெதுவாகப் போகிறவர் பகிர்ந்துகொள்ளட்டும். முந்தும்போது மணியடித்து, சைக்கிள் வேகத்துக்குக் குறைத்து, வலப்பக்கமாகவே முந்தட்டும். கன்ட்ரோலரில் கைவைத்து வேகத்தைக் கூட்டும் நம்ம ஆட்களுக்கு ஒரு வார்த்தை: 25-ஐத் தாண்டினால் லைசென்ஸ், பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டும். கெட்டிக்காரத்தனம் என்று நினைக்காதீங்க!

சைக்கிள்காரர்களான நமக்கும் பங்குண்டு. மூன்று பேர் சேர்ந்து கதை பேசிக்கொண்டு போவதும், பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் இல்லாமல் இருட்டில் வருவதும் சரியா?

தனிப் பாதை வேண்டும் என்று மாணவர் மன்றம் கேட்கட்டும். அது வரும்வரை, பின்னால் வருபவரே பொறுப்பு என்பதை நம் கல்லூரி வாசலிலிருந்தே வழக்கமாக்குவோம். முன்னால் போகிற பிள்ளைக்கு முதுகில் கண் கிடையாது. நமக்கு முகத்தில் இருக்கிறதே!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்