வேரில் விழட்டும் வெட்டு!

உண்ணிச் செடியைப் பார்த்திருப்பீர்கள். ஒரே கொத்தில் மஞ்சளும் சிவப்புமாகச் சின்னஞ்சிறு பூக்கள். கசக்கினால் மூக்கைத் துளைக்கும் இலை. மிளகுபோல் கறுத்த பழம். வேலியோரத்தில் அழகாய்த்தான் இருக்கிறது. முதுமலைக் காட்டுக்குள் போய்ப் பாருங்கள், அப்போது தெரியும் சங்கதி!

அமெரிக்க வெப்பப் பிரதேசங்களைச் சேர்ந்தது இது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அழகுக்காக வெள்ளைக்காரர்கள் கல்கத்தாத் தோட்டத்துக்குக் கொண்டு வந்தார்கள். பழத்தைத் தின்ற கொண்டைக் குருவிகள் விதையை ஊர் ஊராகப் போட்டன. விருந்தாளி வீட்டுக்காரரை விரட்டிய கதைதான்! ஆளுயரம் அடர்ந்த புதருக்கடியில் புல் தலைதூக்குவதில்லை. இலையோ ஆடுமாடுகளுக்கு விஷம். காட்டில் புல் குறைந்தால் யானை எங்கே போகும்? நம் வாழைத் தோட்டத்துக்குத்தான். பழியும் அதன் தலையில்தான்!

"வெட்டித் தள்ளினால் போயிற்று" என்பீர்கள். மேலே வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். தீ வைத்தாலும் மறுபடி எழுந்து நிற்கும்.

இதற்கு ஒரு வழியை டில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸி. ஆர். பாபுவும் அவர் குழுவினரும் கார்பெட் புலிகள் காப்பகத்தில் செய்து காட்டினார்கள். துளிர்க்கும் சக்தி, தண்டும் வேரும் கூடும் கழுத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே, மண்ணுக்குள் ஓரிரண்டு அங்குல ஆழத்தில், ஆணிவேரை வெட்ட வேண்டும். பிறகு புதரை அப்படியே தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துவிட வேண்டும். மண்ணில் பட்ட கிளையும் வேர் விடுமல்லவா? அதற்குத்தான் இந்தச் சிரசாசனம்! பழம் பழுப்பதற்கு முன்பே இதைச் செய்வது உத்தமம்.

அத்தோடு வேலை தீர்ந்ததா? இல்லை. மழைக்குப் பின் மறுபடியும் போக வேண்டும். பறவைகள் வந்து உட்காரும் மரங்களின் அடியில் நாற்றுகள் முளைத்திருக்கும், பிடுங்க வேண்டும். வெறுமையான இடத்தில் அந்தக் காட்டுக்குரிய புல்லை வளர்க்க வேண்டும். சும்மா விட்டால் வேறொரு களை குடியேறிவிடும்.

வெட்டிய குச்சியும் வீணில்லை. மாதேஸ்வரன் மலையில் சோளகர்கள் அதில் நாற்காலி, மேஜை செய்கிறார்கள். கூடலூர்ப் பக்கத்து ஆதிவாசிகள் செய்த யானை உருவங்கள் 2021-ல் லண்டன் பூங்காக்களில் கூட்டமாக நின்றன! யானையின் புல்லைப் பறித்த செடியே யானையாகி நின்றது விந்தைதானே?

அடுத்த முறை நாற்றுப் பண்ணையில் இந்தப் பூ உங்களைப் பார்த்துச் சிரித்தால், நீங்களும் சிரித்துவிட்டு நகர்ந்து விடுங்கள். ஒரு செம்பருத்தி வாங்கினால் போதுமே!