பேரத்தில் குறைத்த இருநூறு ரூபாய்

ஆண்டுதோறும் நம் சங்கத்தின் பேருந்து இந்தூரிலிருந்து உஜ்ஜைனுக்கு மகாகாளேசுவரர் தரிசனத்துக்குப் போகிறது. அது முடிந்ததும் காலபைரவர் கோயில். பைரவருக்கு மது படைக்கும் வழக்கத்தை வியப்போடு பார்த்துவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்குள் திரும்பிவிடுகிறோம். அந்தக் கோயில் உள்ள இடத்துக்குப் பைரவ்கட் என்று பெயர். உள்ளூர் மக்கள் வாயில் அது 'பேருகட்'. ஷிப்ரா நதிக்கரையில் இருக்கும் அந்த ஊர்தான் பாத்திக் துணிக்குப் பெயர் பெற்ற ஊர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

நானும் அறியாதவனாகத்தான் இருந்தேன். ரத்லம் கோட்டத்தில் பல ஆண்டுகள் தண்டவாளப் பராமரிப்பில் வேலை பார்த்தவன். உஜ்ஜைனைச் சுற்றியுள்ள பாதைகளையெல்லாம் டிராலியில் அளந்தவன். ஆனாலும் ஓய்வு பெற்ற பிறகு, சென்ற குளிர்காலத்தில், என் மனைவியின் வற்புறுத்தலால்தான் அந்தத் தெருவுக்குள் முதன்முதலாக நுழைந்தேன்.

முதல் வீட்டிலேயே ஒரு படுக்கை விரிப்பு அவளுக்குப் பிடித்துவிட்டது. விலை தொள்ளாயிரம் என்றார் கைவினைஞர். வழக்கம்போல் நான் எழுநூறு என்றேன். அவர் ஒரு நிமிடம் விரிப்பைப் பார்த்தார். சரி என்று மடித்துக் கொடுத்துவிட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதன் பிறகுதான், "வேலை நடப்பதைப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். வரிசையை மாற்றியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

உள்ளே அடுப்பில் பாரஃபின் மெழுகும் குங்கிலியமும் உருகிக்கொண்டிருந்தன. ஒரு பெரியவர் தாழ்வான மேஜையில் துணியை விரித்து, கலத்தைச் சூடான மெழுகில் தோய்த்து, கைபோன போக்கில் கொடியும் பூவும் வரைந்துகொண்டிருந்தார். பென்சில் கோடு கிடையாது, அழிக்கவும் வழி கிடையாது. மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது. முதலில் வெள்ளையாக நிற்க வேண்டிய இடத்துக்கு மெழுகு, பிறகு இளஞ்சாயம். அந்த நிறம் நிற்க வேண்டிய இடத்துக்கு மறுபடி மெழுகு, பிறகு அடர்ந்த சாயம். கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகை எடுக்கிறார்கள். மேலே மிதக்கும் மெழுகை வழித்து மீண்டும் பயன்படுத்துகிறார்கள்.

சாயத்தொட்டி சூடாக இருந்தால் மெழுகு இளகிவிடும். ஆகையால் குளிர்ந்த நீரிலேயே ஏறும் நாப்தால் சாயம் போடுகிறார்கள். காஸ்டிக் சோடா கலந்த முதல் தொட்டியில் முக்கும்போது நிறம் தெரிவதில்லை. அடுத்த தொட்டியில் இறங்கியதும் துணி சட்டென்று சிவக்கிறது. மெழுகில் விழுந்த விரிசல் வழியே சாயம் புகுந்து மெல்லிய நரம்புகள் போலப் படிகிறது. தண்டவாளத்தில் மயிரிழை விரிசலைத் தேடியே காலம் கழித்த எனக்கு, விரிசலே அழகாக இருப்பதைப் பார்க்க விசித்திரமாக இருந்தது.

அப்போதுதான் தொட்டியில் துணியை அலசிக்கொண்டிருந்தவரின் கைகளைக் கவனித்தேன். உறை இல்லை. விரல்களில் தோல் உரிந்து, நகங்களில் சாயம் ஏறியிருந்தது. "கையுறை இல்லையா?" என்று கேட்டேன். "கிழிந்துவிட்டது பாபுஜி, வாங்க வேண்டும்" என்றார்.

நான் குறைத்த இருநூறு ரூபாய் சட்டைப்பையில் இருந்தது. எடுத்து நீட்டினேன். விற்றவர் வாங்க மறுத்தார். "பேசி முடித்த விலை, பாபுஜி." பிறகு ஒரு துப்பட்டாவைச் சொன்ன விலைக்கே வாங்கி வந்தேன். அது என் மனச்சமாதானமே தவிர, அவர்கள் கைகளுக்கு மருந்தல்ல.

ரயில்வேயில் நான் கற்ற பாடம் ஒன்று உண்டு. பராமரிப்புச் செலவைக் குறைத்தால் அன்றைக்கே வண்டி கவிழாது. கணக்கில் லாபமாகக்கூடத் தெரியும். பாதை மட்டும் மெல்ல மெல்லக் கெடும். கைத்தொழிலும் அப்படித்தான். கையுறை, புகை வெளியேற வழி, சாயநீரைச் சுத்தம் செய்யும் செலவு, மகனைத் தொழிலில் நிறுத்தி வைக்கும் கூலி ஆகிய நான்கும் விலைக்குள் இருக்க வேண்டிய பராமரிப்புச் செலவுகள். பேரத்தில் முதலில் உதிர்வது இவைதான்.

உஜ்ஜைன் பாத்திக்குக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சியே. ஆனால் குறியீடு பெயரைக் காக்கும், கூலியைக் காக்காது. பாத்திக் என்பது ஜாவாவின் சொல். இந்தோனேசிய பாத்திக்கை 2009-ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. நமக்கும் இது அந்நியமன்று. சோழமண்டலக் கரையின் வண்ணத்துணிகளில் நீலம் ஏற்றும்போது மற்ற இடங்களைக் காக்க மெழுகைத்தான் பூசினார்கள். அத்துணிகள் கப்பலேறி ஜாவா வரை சென்றன.

"அவர்கள் ஏற்றித்தான் விலை சொல்வார்கள், நாம் குறைத்துத்தான் கேட்க வேண்டும்" என்று நண்பர்கள் சொல்லலாம். சில இடங்களில் அது உண்மை. அப்படியானால் மாநில அரசின் மிருகநயனி கடையில் விலையைப் பார்த்துவிட்டுப் போகலாமே! போலியைப் பிரிப்பதும் எளிது. அசல் பாத்திக்கில் சாயம் இரு புறமும் ஏறியிருக்கும். ஒரு விரிசல் போல இன்னொன்று இராது. இயந்திர அச்சில் அதே விரிசல் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும்.

நம் சங்கத்துக்கு இரண்டு யோசனைகள். ஒன்று, உஜ்ஜைன் பயணத்தில் காலபைரவர் கோயிலுக்குப் பிறகு ஒரு மணி நேரம் பேருகட் தெருவுக்கு ஒதுக்க வேண்டும். முதலில் வேலையைப் பார்ப்போம், பிறகு விலை கேட்போம். இரண்டு, பொங்கல் விழாப் போட்டிகளுக்கு எவர்சில்வர் டப்பாவுக்குப் பதிலாக பாத்திக் துணிகளைப் பரிசாகத் தருவோம். மூன்று மாதம் முன்னதாகவே சொல்லி, பாதிப் பணம் முன்பணமாகக் கொடுத்து, கையுறையின் விலையும் சேர்த்தே கணக்கிடச் சொல்வோம்.

செயற்குழு இதை ஏற்றுக்கொண்டால், பேருகட்டுக்குப் போய் ஆர்டர் கொடுத்து, துணிகளை வாங்கி வரும் வேலையை நானே செய்கிறேன். பேரம் மட்டும் பேச மாட்டேன்.