தகப்பன் இல்லாத வீடு

சேலத்திலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். என் கதையொன்றில், புருஷன் விட்டுப்போன தறிக்காரி ஒருத்தியின் மகன் பரீட்சையில் தேறிவிடுகிறான். அது யதார்த்தமாக இல்லையாம். "தகப்பன் கண்டிப்பில் வளராத பிள்ளை எங்கே ஐயா உருப்பட்டிருக்கிறது?" என்று கேட்கிறார்.

இந்த அபிப்பிராயம் அவர் ஒருவருடையதல்ல. 'கம்மனாட்டி' என்று தெருவில் வாய் கூசாமல் வைகிறோமே, அது கைம்பெண்டாட்டி என்ற சொல் தேய்ந்து வந்தது. திட்டு வாங்குகிறவன் ஆண்பிள்ளை. அவமானம் போய்ச் சேருவது புருஷனை இழந்தவளுக்கு. பாஷைக்கே புத்தி அப்படிப் போயிருக்கும்போது ஆசிரியரை மட்டும் நொந்து என்ன பயன்?

ஆனாலும் அவருக்குக் காட்ட என்னிடம் ஒரு வீடு இருக்கிறது. குமாரபாளையத்தில், என் ஜன்னலுக்கு எதிரே. அந்த அம்மாளின் புருஷன் மூன்று வருஷத்துக்கு முன் ஈரோடு போய் வருகிறேன் என்று போனவன்தான். அவன் போனான்; அவன் வாங்கிய பாக்கி போகவில்லை. (வெளியூர் வாசகர்களுக்கு: பாக்கி என்பது பட்டறை முதலாளியிடம் வாங்கும் முன்பணம். அது தீரும்வரை வேறு பட்டறைக்குப் போக முடியாது, பெரும்பாலும் தீருவதுமில்லை.) அவள் அதைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டு அதே பட்டறையில் விசைத்தறி ஓட்டுகிறாள். ஷிப்டுக்குப் பன்னிரண்டு மணி நேரம். ஒரு வாரம் பகல், மறு வாரம் இரவு.

மூத்தவள் பெண், வயது பதினைந்து. இரவு ஷிப்டு வாரத்தில் அவள்தான் வீட்டுக்குத் தாய், தகப்பன், காவல்காரன் எல்லாம். கதவைத் தாழிட்டு, தம்பியைத் தூங்க வைத்துவிட்டு, பாடப் புத்தகத்தோடு விழித்திருப்பாள். தெருவில் யாராவது இருமினால் விளக்கை அணைத்துவிடுவாள். காலையில் தாய் காதடைத்துப்போய், பஞ்சு படிந்த தலையோடு வரும்போது இவள் பள்ளிக்கூடம் புறப்பட்டுக்கொண்டிருப்பாள். வாசற்படியில் பேசிக்கொள்வதுதான் அன்றைக்கு இருவருக்கும் பேச்சு. தம்பி வகுப்புக்கு மட்டம் போட ஆரம்பித்திருக்கிறான்; அதையும் நான் மறைக்கவில்லை. அந்தக் குழந்தைகளுக்கு ஒரு குறையுமில்லை என்று சாதிக்க வரவில்லை. குறைவது தகப்பனா, தாயின் தூக்கமா என்பதுதான் கேள்வி. சனிக்கிழமைக் கூலியை டாஸ்மாக்கில் வைத்துவிட்டு வந்து பிள்ளைகளிடம் கண்டிப்புக் காட்டும் தகப்பன்மார்களும் அதே தெருவில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி யாரும் எனக்குக் கடிதம் எழுதுவதில்லை.

சரி, சர்க்கார்? விதவைகளுக்கு 1975-லிருந்து உதவித்தொகை உண்டு. 2023-ல் அதை மாதம் 1,200 ரூபாய் ஆக்கினார்கள். கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கும் 1986-ல் ஒரு திட்டம் வந்தது. ஆனால் சட்டப்படி பிரிந்ததற்குச் சான்று வேண்டும். இல்லையென்றால் கைவிட்டு ஐந்து வருஷமாவது ஆகியிருக்க வேண்டும். ஓடிப்போனவன் ஓடித்தான் போனான் என்று நம்புவதற்குச் சர்க்காருக்கு ஐந்து வருஷம் பிடிக்கிறது! அவன் போனபோது பன்னிரண்டு வயதாயிருந்த பெண்ணுக்கு, தாய் தகுதி பெறும்போது பதினேழு. எந்த வருஷங்களில் தாய் பக்கத்தில் இருக்க வேண்டுமோ, கச்சிதமாக அந்த வருஷங்களைத்தான் கழித்துக்கொள்கிறார்கள்.

1956-ஆம் வருஷத்துக் காப்பாளர் சட்டம் இந்துக் குழந்தைக்குத் தகப்பனை முதலில் வைத்தது; தாய் அவனுக்குப் பிறகுதான். கீதா ஹரிஹரன் என்ற நாவலாசிரியை வழக்காடினார். தகப்பன் உயிரோடிருந்தாலும் பிள்ளையைக் கவனிக்காதபோது தாயே காப்பாளர் ஆகலாம் என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிற்று. (எழுத்துக்காரர்களால் சில சமயம் உபயோகமும் உண்டு.) அந்தத் தீர்ப்பு எங்கள் ஊருக்கு இன்னும் பஸ் ஏறவில்லை போலிருக்கிறது. போன மாதங்கூட ஏதோ ஒரு படிவத்தை நீட்டி, "அப்பா கையெழுத்து எங்கே?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டிருக்கிறார்கள்.

"உனக்கு என்ன கண்ணு வேணும்?" என்று ஒருநாள் கேட்டேன். அப்பா திரும்பி வர வேண்டும் என்பாள் என்றுதான், கதைக்காரன் புத்தி, நானும் எதிர்பார்த்தேன்.

"அம்மாவுக்குப் பகல் ஷிப்டு மட்டும் குடுத்தாப் போதுங்க" என்றாள்.

ஆசிரியர் ஐயா, என் கதையில் அந்தப் பையன் பரீட்சையில் தேறித்தான் இருப்பான். மாற்றுவதாக இல்லை.